பழைய மரச் சாமான் வாங்குமுன் வீட்டை அளந்துகொள்ளுங்கள்



தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி, அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துப் பாடம் படித்தவர்கள் நம் வாசகர்களிடையே ஏராளமானோர் உண்டு. ஒட்டுப்பலகையினால் செய்து, ஓரங்களில் தகரப் பட்டை அடித்த அந்தப் பெட்டி, எஸ்டேட் லயங்களில் துணி அலமாரியாகவும், பாத்திரம் அடுக்கும் மேடையாகவும், பிள்ளைகளின் எழுதுமேசையாகவும் உழைத்தது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் காகிதச் சாக்குகளும் சணற் சாக்குகளும் வந்தன, பெட்டி மறைந்தது. இன்று அதே பெட்டி பெருநகரக் கடைகளில் ‘விண்டேஜ்’ என்ற சீட்டோடு கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. நம் பெற்றோர் அடுப்பெரிக்கப் பிளந்த பொருளை நம் பிள்ளைகள் விலை கேட்டு நிற்கிறார்கள்!

கோயம்புத்தூரிலும், திருப்பூரிலும், சென்னையிலும், பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களில் இப்போது இந்த ஆசை பெருகியிருக்கிறது. புதுவீடு அமைந்தவுடன் பழைய தேக்கு நாற்காலி ஒன்று, ஓர் ஊஞ்சல், முடிந்தால் ஈட்டி மரத்தில் ஒரு கண்ணாடி மேசை என்று பட்டியல் நீளுகிறது. ஆசையில் தவறில்லை. நல்ல மரத்தில் கைத்தொழிலாளி செய்த சாமான், இன்று அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்து விற்கப்படுவதைக் காட்டிலும் பல மடங்கு காலம் உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாமானைப் பார்த்து மயங்கிய பிறகு அதற்கு வீட்டில் இடம் தேடுகிறவர்களே அதிகம். முதலில் அறியவேண்டியது வீட்டை. அதன் பிறகே சாமானை.

சொற்களை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையுமே தொல்பொருள் என்று கொள்கிறது. வணிகத்திலும் ‘ஆன்டிக்’ என்பதற்கு நூறாண்டு என்பதே பொதுவான அளவு. அதற்கு இளையதாய், ஏதேனும் ஒரு காலத்தின் சாயலைத் தெளிவாகத் தாங்கி நிற்பதை ‘விண்டேஜ்’ என்கிறார்கள். ஆகவே 1960களில் செய்த, சன்மைக்கா ஒட்டிய, கால்கள் சரிந்து நிற்கும் மேசை விண்டேஜ் ஆகலாம், ஆன்டிக் ஆகாது. கடைக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். விலை கொடுக்கிறவர் பிரித்துக் கேட்க வேண்டும்.

நம் எல்லைப்புறத்திலிருந்து இறங்கும் பழைய சாமான்கள் பெரும்பாலும் மூன்று வகையான வீடுகளிலிருந்து வருகின்றன. முதலாவது, இடுக்கி மலைகளின் துரை பங்களாக்கள். கண்ணன் தேவன் கம்பெனி 1897இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்துத் துரைமார் வீடுகளுக்கென்று செய்யப்பட்ட நாற்காலிகள், மேசைகள், மரத்தாலான குளியல் தொட்டி முதலியவற்றை மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, உண்மையான பழைய சாமான் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது, பாலக்காட்டுப் பக்கம். கல்பாத்தி முதலிய அக்கிரகாரங்களிலும், சித்தூர், கொல்லங்கோடு வட்டாரத்துத் தரவாட்டு வீடுகளிலும், பிள்ளைகள் வெளியூர்களில் நிலைத்துவிட, வீடுகள் பாகம் பிரிக்கப்பட்டோ விற்கப்பட்டோ போகின்றன. அங்கிருந்து ஊஞ்சல்களும், நெல் கொட்டிவைத்த பத்தாயங்களும், சாய்வு நாற்காலிகளும் வருகின்றன. மூன்றாவது, நம்முடைய லயங்கள். அதைப்பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

இவற்றின் மரம் எங்கிருந்து வந்தது என்பதும் அறியத்தக்கதே. பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போகவேண்டுமானால் இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். அங்குள்ள கன்னிமாரா தேக்கு, உயிரோடு நிற்கும் மிகப் பெரிய தேக்கு மரங்களுள் ஒன்று. அந்தக் காடுகளின் தேக்கையும் ஈட்டியையும் சாலக்குடிக்கு இறக்குவதற்காகவே கொச்சி சமஸ்தானம் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு வன டிராம் பாதை ஒன்றை அமைத்து, அது 1907 முதல் 1963 வரை ஓடியது. காட்டில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம் அது. இன்று கடையில் ‘தேக்கு’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இளமரம். அதில் வெள்ளைப் பகுதி மிகுதி. உளுத்துப்போவது முதலில் அந்த வெள்ளைதான். பழைய சாமானுக்கு விலை கொடுக்கிறோமென்றால் அந்த வைரத்துக்குக் கொடுக்கிறோம். வயதுக்காக மட்டும் அன்று.

இனி வீட்டை அளப்போம். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அறையின் நீள அகலத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. தெருவாயில், மாடிப்படி திரும்பும் மூலை, லிப்டின் கதவு, வீட்டின் தலைவாசல், படுக்கையறை வாசல் என்று சாமான் கடந்து வரவேண்டிய வழி முழுவதையும் அளக்க வேண்டும். அடுக்குமாடி லிப்டின் கதவு பல இடங்களில் மூன்றடிக்கும் குறைவு. முழு உருவாக ஒட்டிப் பூட்டிய பழைய அலமாரி அதில் நுழையாது. பழைய கட்டில்கள் பெரும்பாலும் கழற்றிப் பூட்டக்கூடியவை. அலமாரிகளில் சிலவும் அப்படியே. ‘கழற்ற முடியுமா?’ என்பதே கடையில் நீங்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வி. பிறகு, வீட்டுத் தரையில் பழைய செய்தித்தாள்களைச் சாமானின் அளவுக்கு விரித்துப் போட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடக்க இரண்டரை அடியாவது மிஞ்ச வேண்டும்.

துரைமாரின் சாய்வு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் முன்னோக்கி நீண்டு, அதன்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தக்கதாய்ச் செய்யப்பட்டது அது. அகன்ற பங்களா வராந்தாவுக்கு ஏற்றது. நீட்டிய கைகளோடு நான்கடியிலிருந்து ஐந்தடி வரை இடம் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னறையில் அதைப் போட்டால் வீட்டுக்கு வந்தவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் பாய் விரித்து அமருகிற குடும்பத்துக்கு அது சற்றும் பொருந்தாது. அத்தகைய வீட்டுக்கு இலகுவாகத் தூக்கி ஓரம் வைக்கத்தக்க பிரம்பு பின்னிய நாற்காலிகளும், முதுகு சாயாத நீளப் பெஞ்சு ஒன்றும் மிகப் பொருத்தம். பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் கழிக்கப்பட்ட பழைய பெஞ்சுகள் பகட்டில்லாதவை, விலையும் குறைவு. அவற்றை ஏன் எவரும் தேடுவதில்லை என்று நான் வியப்பதுண்டு.

ஊஞ்சலைப் பற்றி ஒரு சொல். அக்கிரகாரத்து வீட்டில் அது தடித்த மர உத்தரத்தில் தொங்கியது. உங்கள் குடியிருப்பின் கான்கிரீட் கூரையில், அதுவும் வாடகை வீட்டில், துளையிட்டு வளையம் மாட்டுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். இரண்டும் கிடைக்காவிடில் மனம் தளர வேண்டாம். ஒரே பலகையில் அகலமாக வெட்டிய பழைய ஊஞ்சற் பலகைக்கு இரண்டு உறுதியான கால்கள் கொடுத்தால் அருமையான திண்ணைப் பெஞ்சு ஆகிவிடும். பலகையில் துளையிடவோ அறுக்கவோ தேவையில்லை.

படுக்கையறைக்குப் பழைய கட்டிலை வாங்குகிறவர்கள் மெத்தையை மறந்துவிடுகிறார்கள். பழைய கட்டில்களின் அளவு இன்றைய மெத்தைகளின் அளவோடு ஒத்துப்போவதில்லை. தனியே மெத்தை தைக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அலமாரியிலும் இப்படியே: மாட்டுங்கொளுவியில் சட்டை தொங்கவேண்டுமானால் இரண்டடி ஆழம் வேண்டும், மடித்து அடுக்குவதற்காகச் செய்த பழைய அலமாரிகள் பலவற்றில் ஒன்றரை அடிதான் இருக்கும். சாப்பாட்டு மேசை தரையிலிருந்து இரண்டரை அடி, நாற்காலி ஒன்றரை அடி என்பது பொது அளவு. மேசையை ஒரு வீட்டிலும் நாற்காலியை இன்னொரு வீட்டிலும் இருந்து எடுத்துச் சேர்த்து ‘செட்’ என்று விற்பார்கள். உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது தட்பவெப்பம். மூணாற்றின் மழைக்காற்றில் பல்லாண்டு நின்ற மரம் ஈரத்தோடு பழகியது. அதைக் கோடையில் நாற்பது பாகை தாண்டும் பாலக்காட்டுக்கோ, திருப்பூர் வெயிலுக்கோ, குளிர்சாதன அறைக்கோ திடீரென்று கொண்டுவந்தால் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். மேசைப் பலகையில் வெடிப்புக் காணும், பூட்டுகள் தளரும். ஆகவே வந்தவுடன் பாலிஷ் போட அவசரப்படாதீர்கள். வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் சில வாரங்கள் இருக்கட்டும். எந்தப் பூட்டு தளர்ந்தது, எந்தப் பலகை பிரிந்தது என்று தெரிந்தபின் ஆசாரியை அழையுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் சுவரோரம் பழைய மரத்துக்கு உகந்ததன்று. உங்கள் வீட்டில் அந்தச் சுவர் ஒன்றுதான் காலியாக இருக்கிறதென்றால், தேக்குக்கு இடமுண்டு. ஒரே அகலப் பலகையில் செய்த பலா மேசைக்கு இடமில்லை.

கடையில் எப்படிப் பார்ப்பது? முகத்தைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள், இழுப்பறையை முழுவதும் வெளியே எடுங்கள், அலமாரியின் முதுகுப் பலகையைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பாலிஷ் போடாத அந்தப் பகுதிகளில் மரம் தன் உண்மையான நிறத்தைக் காட்டும். கையினால் இழைத்த பலகை விரலுக்கு இலேசான ஏற்ற இறக்கமாகத் தெரியும். வட்ட ரம்பத்தில் அறுத்ததானால் வளைந்த கோடுகள் இருக்கும். மூட்டுகளில் கூரும் துளையும் சேர்த்து மூங்கில் குச்சி அடித்துப் பூட்டியிருந்தால் நல்ல அடையாளம். தலையில் சிலுவைக் குறிபோல் வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் உலகில் பரவத் தொடங்கியது. ‘நூற்றைம்பது ஆண்டுச் சாமான்’ என்பதில் நெடுக அந்தத் திருகாணியே இருந்தால், பழுதுபார்த்ததா புதிதாய்ச் செய்ததா என்று விசாரியுங்கள். தேய்மானம், மனிதர் கையும் காலும் படும் இடத்தில் இருக்க வேண்டும்: நாற்காலிக் கையின் முனை, கால்வைக்கும் குறுக்குச்சட்டம், இழுப்பறையின் அடி விளிம்பு. எங்கும் ஒரேபோலக் கறுத்து, ஒரேபோலத் தேய்ந்திருந்தால் அது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் உப்புத்தாளும் தந்த முதுமை.

ஈட்டி என்று சொன்னால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். தேக்கைவிடத் தெளிவாகக் கனக்கும். பலா மரம் புதிதில் மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச் செல்லப் பொன்னிறமும் பழுப்புமாக முதிரும். பாலக்காட்டுச் சாமான்களில் அது மிகுதி, விலையும் இறக்கம், உழைப்பிலோ குறைவில்லை. என் கருத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற பழைய மரம் பலாவும் அயினியும்தான். பழைய வீட்டுத் தூண், நிலை முதலியவற்றை அறுத்து அண்மையில் செய்த மேசைகளும் உண்டு. அவை மோசமானவை அல்ல. பழைய மரத்தில் செய்த புதிய சாமான் என்று சொல்லி, அதற்குத் தக்க விலைக்கு விற்றால் வாங்கலாம்.

வியாபாரிகள் கதை சொல்வதில் வல்லவர்கள். ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தியது’ என்பார்கள். 1924 ஜூலையில், அதாவது கொல்லம் ஆண்டு 1099இல், மூணாற்றின் சிறு ரயில் பாதையையே அடித்துச் சென்ற வெள்ளம் அது. அந்த வெள்ளம் மெய். அதற்குத் தப்பிய நாற்காலி இதுதான் என்பதற்கு அவர் வாயைத் தவிரச் சாட்சி இருக்காது.

துளைகளைக் கவனியுங்கள். பழைய துளை இருப்பது குற்றமன்று. உள்ளே வண்டு உயிரோடிருப்பதே ஆபத்து. சாமானின் கீழ் கறுப்புத்தாளை விரித்துச் சில நாள் விடச் சொல்லுங்கள். மாவுபோல் புதுத்தூள் உதிர்ந்திருந்தால் எத்தனை அழகாயிருந்தாலும் விட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டுக் கதவுநிலைக்கும் பரவும். கட்டில் இடுக்குகளில் மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளிகள் உண்டா என்றும் பாருங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு மூன்று காரியங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உரிந்து உதிரும் வண்ணத்தை வீட்டுக்குள் உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் குழந்தையின் கைவழியாக வாய்க்குப் போகும். தேயிலைப் பெட்டியின் உட்புறமும் அப்படியே: பழைய பெட்டிகளில் ஈயத்தாள் ஒட்டியதும் உண்டு, அதில் அரிசி பருப்பு வைக்கலாகாது, தகர விளிம்புகளையும் மடக்கி அடித்துவிட வேண்டும். அடுத்தது, கடைசல் கம்புகள் வைத்த பழைய தொட்டில். கம்புக்குக் கம்பு இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மேலிருந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். அத்தகைய தொட்டிலில் பொம்மைகளைப் போட்டு வைக்கலாம். பிள்ளையைக் கிடத்தக் கூடாது. மூன்றாவது, கனத்த அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கம்.

சட்டத்தையும் சற்றே நினைவிற் கொள்ளுங்கள். யானைத்தந்தம் பதித்த எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது. மறையூர்ப் பாதையில் ‘பழைய சந்தனப் பெட்டி’ என்று எவரேனும் துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினால் நடையைக் கட்டுங்கள். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது தடை செய்யப்பட்டது. ஈட்டி மர இனமும் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு அனுப்ப எண்ணுகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. எல்லைச் சாவடி தாண்டும் எந்தச் சாமானுக்கும் விற்றவரின் ரசீது கையில் இருக்கட்டும். தெய்வ உருவம் செதுக்கிய ஊஞ்சலோ நிலையோ நம் வீடுகளுக்கு வேண்டாமென்று கருதுகிறவர்கள், வாங்கிவந்து உருவத்தை இழைத்துத் தள்ளுவதைவிட, அதை மதித்துப் பேணுகிறவருக்கு விட்டுவிடுவது பண்பாடு.

இப்போது லயத்து வீட்டுக்கு வருவோம். எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் மலையிறங்கி நம்மிடம் வரும் அந்த வாரத்தில்தான் பழைய சாமான் வியாபாரியும் வாசலில் நிற்கிறார். பலகைக் கட்டில், மடக்கு நாற்காலி, தேயிலைப் பெட்டி, தாத்தா வாங்கிய தகரப் பெட்டி எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு விலை பேசி ஏற்றிக்கொள்வார். ‘இதையெல்லாம் பட்டணத்தில் எங்கே போடுவது’ என்று நாமும் சரி என்றுவிடுகிறோம். ஆறுமாதம் கழித்து நகரக் கடையில் அதேபோன்ற ஒன்றுக்குப் பல மடங்கு கொடுக்கிறோம்.

அந்தச் சாமான்கள் தேக்கும் ஈட்டியுமாய் இருக்காது. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்காகவோ கிராண்டிஸாகவோ இருக்கலாம். சந்தையில் விலை பெறாது. ஆனால் லயத்து அறையின் அளவுக்கென்று செய்தவை அவை: குறுகலானவை, தாழ்ந்தவை, இருவர் தூக்கத்தக்கவை. அதாவது நம் நகர வீட்டின் அளவுக்கு முன்னமே வெட்டி வைத்தவை! பங்களாச் சாமான் அப்படியன்று. ஆகவே வியாபாரிக்குக் கையசைக்கும் முன் பெற்றோரிடம், ‘இவற்றில் எது உங்களோடு வரவேண்டும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் சொல்வார்கள். நாற்பது ஆண்டு படுத்த கட்டிலின் உயரம் அவர்கள் முழங்காலுக்குத் தெரியும். இரவில் எழுந்திருக்கும் முதியவருக்கு அது சிறிய காரியமன்று. மிகவும் தாழ்வாயிருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம்.

கொண்டுவருவதை ஜூன், ஜூலை மழையில் வைத்துக்கொள்ள வேண்டாம். போடிமெட்டு வளைவுகளில் தார்ப்பாய் கட்டிய வண்டியும் நனைந்துவிடும். மழை ஓய்ந்த மாதத்தில், கயிறு உராயும் இடங்களில் பழைய போர்வையைச் சுற்றி ஏற்றுங்கள். கட்டிலைக் கழற்றுமுன் சாக்பீஸால் ஒவ்வொரு காலுக்கும் அது சேரும் சட்டத்துக்கும் ஒரே எண்ணை எழுதிவிட வேண்டும். கையால் செய்த மூட்டு ஒவ்வொன்றும் தன் துளைக்கு மட்டுமே பொருந்தும். கால் மாறிவிட்டால் நகரத்து ஆசாரி உளியை எடுத்துத் துளையைப் பெரிதாக்கத் தொடங்கிவிடுவார்.